இரண்டாம் சனி

ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் ஜெனிலாவுக்கு.
மடியில் பாலிதீன் பை, ஓர் எலுமிச்சை,
தில்லைக்கரசி திணித்து அனுப்பியவை.
“ஏறும்போது ஒண்ணுமில்ல மேடம்,
இறங்கும்போதுதான் வாந்தி எடுக்கிறா.”
கோப்பில் அதையே
நான் ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன்.

கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தவள்
பன்னிரண்டில் நிறுத்தினாள்.
“அங்க போய் அம்மான்னு கூப்பிட்டா
அம்மாபேட்டை அம்மாகிட்ட சொல்லிடுவீங்களா?”
சொல்ல மாட்டேன் என்றேன், உடனே,
படித்த படிப்பின் வேகத்தில்.
“அப்ப யாரு சொல்றது?”
பதின்மூன்று. பதினான்கு.

காபித் தோட்டத்து லைன் வீட்டில்
பிரிசில்லா நாற்பது நாளாய்க் குடிக்கவில்லை.
பேச்சும் வரவில்லை.
மகளைத் திருப்பி உட்காரவைத்து
தில்லைக்கரசி பின்னியதை அவிழ்த்து
நடுங்கும் விரல்களால் மறுபடி பின்னினாள்.
வகிடு கோணல். ரிப்பன் பழசு.

இறங்கும்போது ஒன்பதாவது வளைவில் வாந்தி.
பின்னலில் படாமல் பிடித்துக்கொண்டேன்.

அம்மாபேட்டையில் கதவைத் திறந்தவர்
தலையைத்தான் முதலில் பார்த்தார்.
நான் வாயெடுப்பதற்குள்
“சாப்பிட்டியாடி?” என்றார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் பார்க்கிறேன்:
அதே கோணல் வகிடு, அதே ரிப்பன்.
எண்ணெய் மட்டும் புதிது.