பதினேழாம் உருப்படி

எல்லாரும் பொறியைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.
சுடாதா, கண்ணில் படாதா என்று.
பறக்கிற பொறி
தன் சூட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்விடும்.
முழங்கையில் விழுந்தாலும்
ஒரு மயிர் கருகாது.
தங்கிவிடுகிற சூடுதான் பொல்லாதது.

புக்கிட் மின்யாக், இரவு ஷிப்ட், மூன்றேகால்.
கூலன்ட் குழாயின் மூக்கு
அரை விரல் விலகியிருந்தது.
வெள்ளைப் பால் கல்லின் முதுகில் வழிந்தது,
கல்லும் எஃகும் தொடும் இடத்தில் இல்லை.
கல்லுக்கும் பல் போயிருந்தது.
வைரம் வைத்துத் தீட்டியிருக்க வேண்டும்;
இன்னும் நாலு உருப்படிதானே என்று விட்டேன்.

மழுங்கிய கல் வெட்டாது, தேய்க்கும்.
சத்தம் மாறியது காதுக்குத் தெரிந்தது.
கைக்குத் தெரிய ஒரு நொடி ஆனது.
எடுத்துப் பார்த்தால்
ஓரத்தில் வைக்கோல் மஞ்சள்,
உள்ளே பழுப்பு, அதற்குள் கத்தரிப்பூ,
நடுவில்
சுண்டுவிரல் நகம் அளவுக்கு நீலம்.
சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது.

கல்லைத் தீட்டினேன். மூக்கைத் திருப்பினேன்.
இரண்டு மைக்ரான், இன்னும் இரண்டு,
பிறகு எதையும் எடுக்காத வெறும் ஓட்டம்
பொறி அடங்கும்வரை.
நீலம் போய்விட்டது.
ஃபைருஸ் பார்த்தான்,
பார்க்காதவன்போல் தன் மெஷினுக்குத் திரும்பினான்.
சூட்டோடு அளந்தால் எஃகு
தன்னைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும் என்பதால்
ஆறவிட்டு அளந்தேன்.
அளவு சரி.
பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
தட்டில் வைத்தேன்.

நிறம் தோலோடு சரி.
மென்மை கீழே இறங்கியிருக்கும்.
அமிலத்தில் முக்கினால் அந்த நகம்
கறுத்து மேலே வரும்.
ஆனால் பத்துக்கு ஒன்றைத்தான் முக்குவார்கள்,
லியோங் எப்போதும்
முதலில் கைக்குக் கிடைப்பதை எடுப்பார்.

ஏழரைக்குக் கம்பெனி பஸ்.
ஜூரு விளக்கில் நின்றது.
முன் சீட்டில் யாரோ நாசி லெமாக் பிரித்தார்கள்.
எனக்குப் பசிக்கவில்லை.
சுங்கைப் பட்டாணியில் ஒரு பிரஸ்ஸில்
பத்தாயிரம் அடிக்குப் பிறகு
அதன் முனை மடியும்.
அங்கே நிற்பவளைத்தான் திட்டுவார்கள்.
அவளும் இரவு ஷிப்டாக இருக்கலாம்.

லியோங்குக்கு மலாயில் ஒரு வரி அடித்தேன்:
பதினேழை முக்கிப் பாருங்கள், என் கை.
இரண்டு சாம்பல் டிக்.
பாலத்தில் ஏறும்போதும் சாம்பல்தான்.
கடல் நடுவே
இரண்டும் நீலமாயின.