அடிப்பக்கம்

அலுமாரியின் கீழ்த்தட்டில்
எண்ணெய்ப் போத்தலுக்குப் பின்னால்
ஒரு மீன் ரின்.
கவிழ்த்துப் பார்த்தேன்.
இரண்டு வருஷமும் நாலு மாதமும் பிந்தியிருந்தது.

காஸ் வரிசை நாட்களில் வாங்கியது.
அன்றைக்கு அதன் விலை என் அரைநாள் கூலி.
அதனால்தான் திறக்கவில்லை.
இதைவிட மோசமான நாள் ஒன்று வரும்,
அதுக்கு வைப்பம் என்று வைத்தோம்.
அந்த நாள் வந்து போய்விட்டதா
இல்லை இன்றைக்குத்தானா,
சரியாகத் தெரியவில்லை.

கொட்டாஞ்சேனையில் மழை.
மாதக் கடைசி.
பாண் இருந்தது,
தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை.

"எறி" என்றான் செல்டன்.
மன்னார்க்காரன்.
வலையிலிருந்து சட்டிக்கு
ஒரு காலைப்பொழுதுக்கு மேல் எடுத்த மீனை
மீன் என்றே ஒத்துக்கொள்ளாதவன்.
"திகதி போனது போனதுதான்.
போட்டவன் என்ன விசரனா?"

போட்டவனை எனக்குத் தெரியும்.

புறக்கோட்டை, நாலாம் குறுக்குத் தெரு,
பருப்பு மூட்டைகளுக்கு மேலே ஒரு மாடி.
அங்கே ஒன்பது மாதம் என் வேலை
பழந்துணியும் ஒரு மூடி தின்னரும்.
துடைக்க மூன்று செக்கன்.
ஒரு முழு வருஷம்
கறுப்பு மையாய் விரலுக்கு வரும்.
அடுத்த மேசையில் இருந்து
தர்மகுலம் அண்ணை புதுச் சீல் குத்துவார்,
காய்வதற்கு ஒரு மேசை விசிறி.
நாளைக்கு நானூறு ரின்.
நானூறையும் இளமையாக்கிவிட்டு
நூற்றிமூன்றாம் நம்பர் பஸ்ஸில்
நின்றபடியே நித்திரை கொள்வேன்.

அங்கே ஒன்று விளங்கியது.
தகரத்துக்கு வாசிக்கத் தெரியாது.
அதற்குத் தெரிந்தது வெக்கை,
உப்புக் காற்று,
லொறியில் இருந்து போட்ட விதம்.
இந்த நாளுக்குள் தின்றால் ருசி என்பதற்கும்
இந்த நாளுக்குப் பிறகு தின்றால் சாவு என்பதற்கும் நடுவில்
எவ்வளவோ நாட்கள் கிடக்கின்றன.

ஆனால் மூடி வீங்கியதை
முதலாளியே தொடமாட்டார்.
விளிம்பு மடிப்பில் நெளிந்தது,
ஒரு சொட்டுக் கசிந்தது,
அதெல்லாம் தனிப் பெட்டியில்.
"நாய்க்கும் போடாதே,
மணக்காத நஞ்சும் இருக்கு" என்பார்
திகதி அழிக்கச் சொன்ன
அதே வாயால்.

பல்பின் கீழே பிடித்துச் சுற்றினேன்.
ஓரத்தில் சுண்டுவிரல் அளவு துரு,
தேய்க்கப் போய்விட்டது.
மடிப்பு முழுசாய் இருந்தது.
மூடியைப் பெருவிரலால் அழுத்தினேன்.
டக் என்று ஒரு சொல்கூட இல்லை.

திறந்தபோது
காற்று உள்ளேதான் போனது,
வெளியே சீறவில்லை.

வெங்காயம், கொச்சிக்காய்,
அரைத் தேசிக்காய்.
தேவைக்கு மேலேயே கொதிக்க விட்டேன்.
செல்டன் குசினி வாசலில்
ஆசுபத்திரியில் ஆள் பார்க்க வந்தவன்போல் நின்றான்.
முதல் துண்டை நான் தின்றேன்.
ஐந்து நிமிஷம் பொறுத்தான்.
பிறகு சட்டியின் அடியை
பாண் கரையால் துடைத்தவன் அவன்தான்.

இரவு நித்திரை வரவில்லை.
வயிறு அமைதியாகத்தான் கிடந்தது.

நான் தின்றது
தன் வயதை ஒளிக்காத ரின்.
ஒளித்துக் கொடுத்தவை
எந்தெந்த வீட்டுத் தட்டுகளில்?
தெமட்டகொடையில் ஒருத்தி,
கிராண்ட்பாஸில் ஒருத்தி
கவிழ்த்துப் பார்த்திருப்பாள்.
திகதி நல்லாய்த்தானே இருக்கு என்று
பெருவிரலால் அழுத்தாமல்
பிள்ளைக்கு வெட்டியிருப்பாள்.
ஒன்பது மாதத்தை நானூறால் பெருக்கப் பார்த்தேன்.
ஞாயிறுகளைக் கழிக்க வேண்டும்.
கழித்துப் பார்த்தும்
கணக்கு சின்னதாகவில்லை.

விடிய,
கழுவிய ரின்னில் பல் துலக்கும் பிரஷ்கள் இரண்டு நின்றன.
"உயிரோட இருக்கிறியா?" என்றான் செல்டன்.
இருக்கிறேன் என்றேன்.
மற்ற ரின்களைப் பற்றி
அவன் கேட்கவில்லை.