கதவடி

மின்கட்டணம் நூற்று அறுபத்தேழு வெள்ளி.
கீழே ஒரு சின்னப் படம்:
எங்கள் வீட்டுத் தூண் நெட்டை,
அக்கம்பக்கத்தார் தூண் குட்டை.
பெயர் போடவில்லை. ஆனாலும்
மின்தூக்கியில் ஏறியவர்களை எல்லாம்
அன்று முழுக்க முறைத்துக்கொண்டிருந்தேன்.
யாரய்யா நீங்கள், வேர்க்கவே வேர்க்காதா?

சனிக்கிழமை ஈசூனில் புகைமூட்டம்.
எதிர் புளோக்கின் எண்
ரப்பர் வைத்துத் தேய்த்த பென்சில் எழுத்து.
முகக்கவசத்தோடு போய் நின்றேன்,
திரு. கோவின் வன்பொருள் கடையில்.

விற்பதற்கு அவசரப்படாத மனிதர்.
டைமர் கேட்டேன்.
உங்கள் ரிமோட்டிலேயே இருக்கிறது,
யாரும் அமுக்காத பொத்தான் அது, என்றார்.
புகைக்கு நுண்வடிதாள் கேட்டேன்.
தூசியைப் பிடிக்கப் பிடிக்க
எந்திரத்துக்கு இரைக்கும்,
இரைத்தால் கட்டணம் ஏறும்,
மெல்லியது போதும், புகை ஓய்ந்ததும் கழற்றிவிடுங்கள்.
மீன் பொரித்த வாசத்துக்குக் கரித்தாள்.
கழுத்தில் காற்று நேரே அடிக்காதிருக்க
கண்ணாடிபோல் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு.
கதவடியில் ஒட்ட ரப்பர் பட்டை, நான்கு வெள்ளி ஐம்பது.

உள்ளே இருக்கும் வலையைக் கழுவுகிறீர்கள்தானே?
கழுவுகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து முக்காலி போட்டு ஏறினேன்.
வலை இல்லை அது. கம்பளி.
எட்டு மாதத்துப் பவுடர், சாம்பிராணி,
போர்வை உதிர்த்த பஞ்சு,
என் நீளமுடி, தணிகாசலத்தின் நரைமுடி,
பிரிக்க முடியாதபடி நெய்திருந்தது.
குளியலறைத் தரையில் வைத்துக் குழாயைத் திறந்தேன்.
தண்ணீர் கறுத்துப்போய் ஓடியது.
பொய் சொன்ன வாய்க்கும் சேர்த்துக் கழுவினேன்.

அன்றிரவு
இருபத்தைந்திலேயே அறை குளிர்ந்துவிட்டது.
மின்விசிறி ஒன்றில் சுற்றியது.
ரப்பர் பட்டை கதவைக் கவ்வியிருந்தது.
ஒரு சொட்டுக் குளிர்கூட வெளியேறவில்லை.
நான் மட்டும் தூங்கவில்லை.

அவருக்குக் கடைசிப் பேருந்து.
பணிமனையில் வண்டியை விட்டு
வீடு வர ஒன்று நாற்பது ஆகும்.
ஒன்பது வருடமாய்
அவர் என்னை எழுப்பியதில்லை.
கதவடியில் ஒரு கோடு வெளிச்சம் விழும்,
அதில் இரண்டு கால்கள் நிழலாய்க் கடக்கும்.
பாதிக் கண்ணில் அதைப் பார்ப்பேன்,
பிறகுதான் என் நிஜத் தூக்கம்.

ஒன்று நாற்பது. இருட்டு.
ஒன்று ஐம்பத்தைந்து. இருட்டு.
இரண்டு மணிக்கு டைமர் தன்னை அணைத்துக்கொண்டது.
எழுந்து கதவைத் தள்ளினேன், ரப்பர் கிறீச்சிட்டது.

சமையலறையில், சீருடை கழற்றாமல்,
நின்றபடியே ரசம் சோறு.
"தூங்கலையா?"
"புது வடிதாள் எப்படி இருக்குன்னு பார்க்கிறேன்."
"சமையலறையிலா?"
மேல் அலமாரியில் இருந்த அப்பளத்தை
எடுத்துக் கொடுத்தேன்.

காலையில் பட்டையை உரித்தேன்.
பசை, ஆறாத புண்ணின் பொருக்குபோல
இன்னும் கதவில் இருக்கிறது.
அந்த இடைவெளியால் ஒழுகும் குளிருக்கு
மாதம் மூன்று வெள்ளி ஆகலாம்:
திரு. கோவின் உத்தேசம்.
இரவுக்குப் பத்துக் காசு.
வரவு செலவு நோட்டில்
எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல்
'இதர' என்று எழுதினேன்.

பட்டை வீணாகவில்லை.
சமையலறைக் கதவுக்கு ஒட்டினேன்,
கரப்பான் வருவதில்லை.

இந்த மாதம் நூற்று முப்பத்தொன்று.
நாள்காட்டியில் வலை கழுவும் ஞாயிறுகளுக்கு
சிவப்பு வட்டம்.
படத்தில் எங்கள் தூண்
அக்கம்பக்கத்தைவிட
இன்னும் ஒரு விரல்கடை உயரம்.

இருந்துவிட்டுப் போகட்டும்.