கைப்பிடி, ஏழாம் மாதிரி

பழைய கருவியை டாக்டர் எப்சிபா மேசையில் வைத்தபோதே
அது யாரோ ஒரு பெரிய ஆளின் கைக்குப் பிறந்தது என்று தெரிந்தது.
அவருக்குக் கையுறை அளவு ஆறு.
விரல்கள் சுற்றி வந்து கட்டைவிரலைச் சந்திக்கவே இல்லை.
"நாலு மணி நேரம் இதப் பிடிச்சிட்டு வீட்டுக்குப் போனா
தோசைக்கரண்டி கையில நிக்க மாட்டேங்கு."

கேட்டது எளிது:
முதுகெலும்பில் திருகாணி இறங்கும் முன்
வழி பார்த்துவிட்டு வரும் ஒரு கம்பி.
முள்ளெலும்பின் இருபுறமும் ஒரு குறுகிய கழுத்து,
இந்த ஸ்கேனில் ஏழு மில்லிமீட்டர், அடுத்ததில் ஆறு.
உள்ளே டீக்கடை ரஸ்க் மாதிரிப் பொரபொரப்பு,
சுற்றிலும் சிரட்டைச் சுவர்,
சுவருக்கு அந்தப் பக்கம் நரம்பு.
"சுவர்கிட்ட வந்தா கைக்குத் தெரியணும்.
கண்ணுக்கு அங்க வேலை இல்ல."

முதல் மாதிரி அலுமினியம்,
ஆட்டோகிளேவ் அதைக் கறுப்பாக்கிக் கொடுத்தது.
இரண்டாவதில் வரிவரியாய் வெட்டு.
வரிக்குள் என்னென்ன தங்கும் என்று
தியேட்டர் நர்ஸ் ஜெபக்கனி ஒரே பார்வையில் கேட்டாள்.
மூன்றாவதைப் பற்றி நான் பேசுவதில்லை.
நான்காவதை, கையுறை மேல் நல்லெண்ணெய் தடவி
நானும் கொம்பையாவும் திருகிப் பார்த்தோம்.
ரத்தத்துக்குப் பதிலாக எங்களிடம் இருந்தது அதுதான்.
வழுக்கிப் போய் லேத்துக்கு அடியில் விழுந்தது.

ஆனி மாதம். பேட்டை முழுக்கக் காற்று.
தகரக் கூரை எழுந்து எழுந்து உட்கார,
வரைபடத்தின் மேல் பட்டறைப் பிடியைத் தூக்கி வைத்துக்கொண்டு
கைப்பிடியின் இடுப்பில் அரை மில்லிமீட்டர் குறைத்தேன்.
ஞாயிறுதோறும் மேலப்பாளையத்தில்
பீர்க்கண்ணு பாய் கடையில் ஆட்டு முதுகு மட்டும் கேட்பேன்.
"குழம்புக்கா?"
"இல்ல பாய், குத்திப் பாக்க."
அடுத்த வாரத்திலிருந்து இடுப்புத் துண்டை
வெட்டு விழாமல் தனியே எடுத்து வைத்தார்.
ஏன் என்று கேட்கவில்லை.

ஆறாவது நன்றாகத்தான் இருந்தது.
எப்சிபா ஆட்டெலும்பில் இறக்கினார், கண்ணை மூடினார்,
வெளியே இழுத்து மேசையில் வைத்தார்.
"இது பேச மாட்டேங்கு."
எலும்புக்குள்ள என்ன பேச்சு வேண்டிக் கெடக்கு என்று
முணங்கினார் கொம்பையா.
இரவு சாப்பிடும்போது புரிந்தது.
வழுக்காமல் இருக்க நான் போர்த்திய சிலிக்கான்,
எலும்பு சொன்னதையெல்லாம்
தானே கேட்டுத் தானே விழுங்கியிருக்கிறது.
உள்ளங்கை படும் இடத்துக்கு மட்டும் அதை விட்டுவைத்து
விரல்நுனிக்கு எஃகை அம்மணமாக விட்டேன்.

ஏழாவது.
முக்கூடல் சுடலைவடிவு, வயது நாற்பத்தெட்டு.
பீடித்தட்டை மடியில் வைத்து முப்பது வருஷம் குனிந்தவள்.
நாலாம் எலும்பு ஐந்தாவதின் மேல் முன்னே நழுவி
இடது கால் மரத்துப்போய் வந்தவள்.
நான் சுவரோரம், எதையும் தொடக்கூடாது என்ற கட்டளையோடு.
மூன்று திருகாணி இறங்கிவிட்டது.
நாலாவதற்கு வழி பார்க்கையில்
இருபது எம்எம் கோடு மறையும் முன்
அவர் கை நின்றது.
எக்ஸ்ரே இன்னும் எடுக்கவில்லை.
மயக்க மருந்துக்காரர் தலை தூக்கிப் பார்த்தார்.
ஒரு முடியளவு பின்னால் இழுத்து,
முனையின் வளைவை வெளிப்பக்கம் திருப்பி,
மறுபடி.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
என் மூச்சு முகக்கவசத்துக்குள் எனக்கே சுட்டது.

ஆறு வாரம் கழித்துப் படம் பார்த்தேன்.
நாலு திருகாணியும் வெள்ளைவெளேரென்று.
என் கருவி போய் வந்த வழியைத்
திருகாணி அடைத்துக்கொண்டிருந்தது.
வெளியே பெஞ்சில் சுடலைவடிவு,
சம்மணம் போட்டு எப்பம் உக்காரலாம் என்று
ஜெபக்கனியிடம் மூன்றாம் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.
நான் யாரென்று தெரியாமல்
கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

இரவு எப்சிபா போன் செய்தார். பாராட்ட அல்ல.
"இருபது கோடு அழியுது, அடுத்ததுல ஆழமா வெட்டுங்க.
அப்புறம், புதுசா ஒரு டாக்டர் சேந்திருக்காரு.
கையுறை எட்டு.
அவருக்கு இது சின்னதா இருக்காம்."