ஒட்டும் உறவும்

மூன்றாம் முறையாக வந்தார் ஜெனிவால்டோ.
சட்டைப் பையிலிருந்து காகிதக் கைக்குட்டையை எடுத்து
என் மேசைமேல் பிரித்தார்.
உள்ளே அந்தக் கேப்,
அதன் அடிவயிற்றிலிருந்து நீட்டிக்கொண்டு
கண்ணாடி இழைக் குச்சி.
"எலும்பெல்லாம் கடிக்கவில்லை டாக்டர்,
சீஸ் ரொட்டிதான். அதுவும் ஆறிப்போனது."
தப்பு அவருடையது போலச் சொன்னார்.

குச்சியை விளக்குக்கு நேரே பிடித்தேன்.
சுத்தம்.
சிமெண்ட் முழுவதும் வேருக்குள் தங்கிவிட்டது.
குச்சியில் ஒரு பொட்டு இல்லை,
ஒட்டுமில்லை உறவுமில்லை என்று
கையை உதறிக்கொண்டு வெளியேறியவனைப் போல.

பல்லைக் குறை சொல்ல வழியில்லை.
நரம்பைப் பறிகொடுத்த பிறகும்
அது தன் பக்கத்துச் சிமெண்டை விடவில்லை.
விட்டது குச்சி.
முதல் குச்சி வேறொரு டாக்டர் வைத்தது.
இரண்டாவதை வைத்தது நான்.
ஒரு வியாழக்கிழமை, பசி நேரம்.
உறையிலிருந்து எடுத்தேன், ஆல்கஹாலில் துடைத்தேன்,
அதன் வழவழப்பைப் பார்த்து
நல்ல சரக்கு என்று நினைத்தேன்.

பிராசிகாபாவில் சனிக்கிழமை.
ஆற்றுக்கு அப்பாலிருந்து சர்க்கரை ஆலைக் கழிவின் புளித்த வாடை.
இந்த ஊரில் யார் வீட்டு ஃபிரிட்ஜில்
ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தாலும் பீன்ஸ் இருக்கும்.
எங்கள் ஆய்வகத்தில் திறந்தால்
இறைச்சிக்கூடத்து மாட்டுப் பற்கள்.
நெய்ஜி அவற்றின் தலையை அறுத்துவிட்டு
வேரை மட்டும் என்னிடம் தள்ளுவாள்.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்
புதுக் குச்சிக்கு ஒரு தோல்.
இறுகிய பிசின். பிடிக்க ஒரு கணு இல்லை.
ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு நிமிடம் கிடத்தினால்
தோல் கொஞ்சம் கரைந்து
இழைகள் எழுந்து நிற்கின்றன,
வெட்டி முடித்த கரும்புக் கொல்லையின் தாள்கள் மாதிரி.
பிறகு நிறையத் தண்ணீர்;
மிச்சமிருக்கும் ஆக்சிஜன் சிமெண்டை இறுக விடாது.
பிறகு சைலேன். அது ஒரு தரகு,
ஒரு கை கண்ணாடியிடம், மறு கை பிசினிடம்.

வேறொரு அமிலத்தையும் முயன்றோம்.
அது இழைகளையே தின்றது.
நெய்ஜி பார்த்துவிட்டு,
"சொறியச் சொன்னால் தோலை உரித்துவிட்டாய்" என்றாள்.

ஒரு மில்லிமீட்டர் வில்லைகள்.
நடுவில் குச்சி, சுற்றிச் சிமெண்ட், அதற்கும் வெளியே பல்.
இயந்திர ஊசி மெல்ல இறங்கும்.
டிக்.
ஆல்கஹால் மட்டும் கண்ட குச்சிகள்
சொல்லிவைத்தாற்போல் விழுந்தன.
மற்றவை முரண்டு பிடித்தன.
பிரிந்தபோதும்
பாதிச் சிமெண்டைக் கட்டிக்கொண்டே பிரிந்தன.
வேர் நுனி வில்லைகள் மட்டும் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை.
விளக்கு எட்டாத ஆழம் அது.
அதற்கு இன்னும் என்னிடம் பதிலில்லை.

ஜெனிவால்டோ வாயைத் திறந்து படுத்திருக்கிறார்.
பழைய சிமெண்டைச் சுரண்டி எடுக்க முக்கால் மணி.
நீல ரப்பர் விரிப்புக்கு நடுவே
அந்த ஒற்றை வேர் மட்டும் தெரிகிறது.
"இப்போது அறுபது விநாடி காத்திருக்கவேண்டும்" என்றேன்.
பேச முடியாது அவரால்.
தொடைமேல் விரலால் எண்ணினார்,
நிறுத்தம் நிறுத்தமாக.
நாற்பதில் நான் எழப்போனபோது
ஐந்து விரலையும் விரித்து
என்னை உட்காரவைத்தார்.

அப்புறம் அவர் வரவில்லை.
ஆறு மாதம். எட்டு மாதம்.
இந்தத் தொழிலில்
நல்ல சேதியும்
வேறு டாக்டரிடம் போய்விட்டார் என்பதும்
ஒரே மாதிரிதான் வந்து சேரும்,
வராமல்.

ஜூன் திருவிழாக் கடையில் பார்த்தேன்.
பஸ் கம்பெனி சட்டை, கையில் அவித்த சோளம்.
என்னைக் கண்டதும்
பள்ளிப் பிள்ளைபோல் சோளத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.
எந்தப் பக்கத்துப் பல்லால் கடித்தார் என்று
பார்க்கத் தவறிவிட்டேன்.