சக்கைக் கட்சி, சாற்றுக் கட்சி

சஸ்கட்டூன். ஜனவரி. இரவு பத்தரை.
வெளியே மைனஸ் முப்பத்தேழு.
ஜன்னல் கண்ணாடி உள்பக்கமாகவே பூத்திருந்தது,
நகத்தால் சுரண்டினால் தூளாய் உதிர்கிற பூ.

பழைய சாமான் கடையில்
பதினான்கு டொலருக்கு நான் தூக்கிவந்த யூஸ் மெசினுக்குள்
முந்தியவர் விட்டுப்போன செலரி நார் ஒன்று
காய்ந்து ஒட்டியிருந்தது.
யாருடையதோ புத்தாண்டுச் சபதம்.
பழைய பல்துலக்கியால் சுரண்டி எடுத்தேன்.

கரட் ஆறு. பீட்ரூட் இரண்டு.
இஞ்சி, கட்டைவிரல் அளவு.
வெயில் உள்ள ஏதோவொரு ஊரிலிருந்து
ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்த தோடம்பழம் மூன்று.
தேசிக்காயை எடுத்தேன், விலையைப் பார்த்தேன்,
இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

“சாறு குடிக்கிறதும் சீனி குடிக்கிறதும் ஒண்டுதான்,”
என்றாள் மாதுமை,
காலுறைக்கு மேல் காலுறை இழுத்தபடி.
ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் அவளுக்கு
விடிய ஐந்தரைக்கு வேலை.
அங்கே ஒரு நேர்ஸ் சொன்னாளாம்,
சத்தெல்லாம் சக்கைக்குள் என்று.
“அப்ப நீர் சக்கையைத் தின்னும், நான் சாறைக் குடிக்கிறன்.”
பதினொரு வருடத்தில் நாங்கள்
எதையும் இவ்வளவு நியாயமாய்ப் பங்கிட்டதில்லை.

மெசின் உறுமியது. மேசை நகர்ந்தது.
மேசையைப் பிடித்தபடி நானும் நகர்ந்தேன்.
கரட் போனது. இஞ்சி போனது.
பீட்ரூட் பாதி இறங்கிய நேரம்
டக்.
லைட் எரிந்தது, மெசின் மட்டும் செத்துக் கிடந்தது.
நான் கெட்டிக்காரன்.
ஹோலுக்குக் காவிப்போய் வேறு பிளக்கில் சொருகி
மிச்சத்தையும் பிழிந்து முடித்தேன்.
புதுச் சேலை முதல் தண்ணீரில் விடுகிற நிறம்,
ஒரு போத்தல் நிறைய.

பிறகு அந்தச் சல்லடை.
பிழிய ஏழு நிமிடம், கழுவ இருபது.
ஒவ்வொரு கண்ணிலும் ஒரு கரட் உட்கார்ந்திருந்தது.

நாலே முக்காலுக்கு அவள் சாவியைத் திருப்பினாள்.
கார் ஒருமுறை இருமியது.
அடுத்த முறை அதுவும் இல்லை.
சமையலறைப் பிளக்கிலிருந்து ஜன்னல் இடுக்கால்
வெளியே ஓடுகிற ஆரஞ்சு வயர்,
இரவு முழுக்க என்ஜினைச் சூடாக்கியிருக்க வேண்டிய வயர்,
வெறும் கயிறாய்ப் பனியில் கிடந்தது.
ராத்திரி விழுந்த அந்த டக்
எனக்கு அப்போதுதான் முழுதாய்க் கேட்டது.

பற்றரி பழசு என்று சொல்லலாம்.
கனடாவில் குளிரைக் குற்றம் சொன்னால்
யாரும் சாட்சி கேட்பதில்லை.
இமை மயிரில் வெள்ளை பிடித்து அவள் உள்ளே வந்தாள்.
“என்ன நடந்தது காருக்கு?”
“பீட்ரூட்,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிளக்கைப் பார்த்தாள்.
பிறகு பிரிட்ஜைத் திறந்தாள்.
அதற்குள் நாலு பாகை;
அவள் நடக்கப்போகிற தெருவைவிட
நாற்பத்தொரு பாகை சூடு.
கையுறை கழற்றாமல், நின்ற நிலையில்,
போத்தலில் பாதியைக் குடித்தாள்.
“இஞ்சி கூடிப்போச்சு.”
மிச்சத்தைக் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டு
முதல் பஸ்ஸுக்கு நடந்தாள்.
கதவைச் சாத்தினாள், அடிக்கவில்லை.
அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று
இன்னும் எனக்குத் தெரியவில்லை.

தெருவிளக்கில் பார்த்தேன்.
வாசலிலிருந்து சந்திவரை அவள் சப்பாத்துத் தடம்,
பக்கத்திலேயே சிவப்புச் சொட்டுகள்.
மூடியை இறுக்கியவன் நான்தான்.

குளிருக்கு வெளுத்த பெரிய முயல் ஒன்று
வேலியோரமாய் வந்து
முதல் சொட்டை முகர்ந்தது. நிமிர்ந்தது.
அது எந்தக் கட்சி என்று பார்க்க
ஜன்னலில் ஒரு வட்டம் சுரண்டிக்கொண்டு நின்றேன்,
கையில் ஒரு கரண்டிச் சக்கை,
வாயில் இன்னொன்று,
மெல்ல மெல்ல முடியாமல்.