பதினோராவது கிளிக்

வெள்ளி இரவு பத்தே கால். பீன்யா.
லேத் பட்டறைகள் ஷட்டர் இழுத்தாயிற்று.
குருபசப்பாவின் கராஜில் மட்டும் ட்யூப்லைட்.
லிஃப்டின் மேல் என் கார்,
நாலு காலும் தொங்க,
ஊசிக்குத் தூக்கிய பூனைபோல.

சுவரோரம் இரண்டு அடுக்கு டயர்.
ஒன்று பழசு:
மழைநீருக்கு வாய்க்கால் வெட்டிய முகம்,
தினமும் என்னோடு ஆஸ்பத்திரி போய் வருவது.
மற்றது மெது ரப்பர். நகம் வைத்தால் பதியும்.
வாய்க்கால் இருந்தும் இல்லாத மாதிரி.
வார்ப்பில் முளைத்த மயிர்கூட உதிரவில்லை.
விலையை வீட்டில்
"சில ஆயிரம்" என்று சொல்லியிருக்கிறேன்.
எத்தனை சில என்று யாரும் கேட்கவில்லை.

விடிகாலை இரண்டரைக்குக் கிளம்ப வேண்டும்,
ஒசூர், கிருஷ்ணகிரி, வாலாஜா தாண்டி
இருங்காட்டுக்கோட்டைக்கு.
ஏற்றிப்போக டிரெய்லர் இல்லை.
எந்தக் காலில் ஓடப்போகிறதோ
அந்தக் காலிலேயே நடந்தும் போகவேண்டும் இந்தக் கார்.

போன தடவை வலப்பக்க வளைவு ஒவ்வொன்றிலும்
ஸ்டீயரிங்கைத் திருப்பினேன்,
மூக்கு திரும்பவில்லை.
கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட பெரியப்பாபோல
நேரே வெளியே நடந்தது.
பிரேக்கை முன்னமே விட்டேனோ?
கைதான் அவசரமோ?
நாற்பத்தெட்டு வயதில் இதெல்லாம் எதற்கோ?
ஆறு வாரம் யோசித்து, டயர்மேல் பழி போட்டு,
டயர் வாங்கினேன்.

குரு பழைய டயரின் வெளித்தோளைத் தடவினான்.
தேய்ந்திருந்தது. உள்தோள் அப்படியே.
"கேம்பர் வைக்கணும் மேடம்."
நேராக நிற்கும் சக்கரம் வளைவில் சாயும்;
சாய்த்து நிறுத்தினால் வளைவில் நேராகும்.
இதைச் சொல்ல அவன் ஒரு கையை மட்டும் பயன்படுத்தினான்.
மறு கையில் எக் பஃப்.

எதையும் மாற்றுமுன்
இருப்பதைக் குறித்துக்கொள்வான் அவன்.
முன் டேம்பரின் திருகைக் கடைசிவரை மூடி
எத்தனை கிளிக் என்று எண்ணுவது.
அவன் கன்னடத்தில், நான் தமிழில்.
ஒந்து, ஒன்று. எரடு, இரண்டு.
ஆறில் இருவருக்கும் ஒரே சொல்.
ஏழில் என் நாக்கு மட்டும் மடங்கியது.
பத்தில் பிரிந்தோம்.
ஹன்னொந்து, பதினொன்று. நின்றது.

நான் மயக்க மருந்து கொடுப்பவள்.
பத்திலிருந்து கீழே எண்ணச் சொல்வேன்;
ஏழுக்கு அப்பால் போனவர்கள் குறைவு.
மேலே எண்ணிப் பழக்கமில்லை.

வலப்பக்கம்.
ஒந்து, எரடு, மூரு...
எட்டில் நின்றது.

இன்னொரு தடவை. எட்டு.
குரு பஃப்பைக் கீழே வைத்தான்.
மூன்று கிளிக்.
யார் கை, எந்தக் கராஜ், எந்த மாதம், தெரியாது.
இடக்கால் ஒரு பேச்சு, வலக்கால் ஒரு பேச்சு என்று
ஒரு வருஷம் ஓடியிருக்கிறது இந்தப் பூனை.

"அப்ப கேம்பர்?" என்றேன்.
"வேண்டாம். இதை மட்டும் மாத்தலாம்.
ரெண்டையும் மாத்திட்டா
நாளைக்கு எதைத் திட்டுவீங்க?"

வலப்பக்கமும் பதினொன்று.
காற்று, குளிரில் இருபத்தெட்டு;
நாலு சுற்றில் தானே முப்பத்துநாலு தொடும்.

"எந்த டயர் மேடம்?"
ஸ்ரீபெரும்புதூரில் மழைக்கு நாற்பது சதவீதம்
என்று போனைக் காட்டினேன். தலையாட்டினான்.

காரணம் மழை இல்லை.
பழைய டயர், பிடி விடுமுன் கத்தும்.
முதலில் முனகல், பிறகு கீச்சு, பிறகுதான் விடும்.
இந்த மெது ரப்பரோ
கடைசி நொடிவரை கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டு
ஒரு வார்த்தை சொல்லாமல் கையை உதறும் என்கிறார்கள்.
அலாரம் இருக்கும் அறைகளிலேயே
இருபது வருஷம் வேலை பார்த்தவள் நான்.
சத்தமில்லாத எதன்மீதும்
எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

புதுசை குருவின் பரண்மேல் ஏற்றினோம்,
மயிரோடு.
வீட்டுக்கு மெசேஜ்: தூங்குங்க, போயிட்டு வரேன்.

பட்டறைத் தெருமுனை ஹம்ப்பில்
வழக்கம்போலக் குறுக்கே ஏறினேன்.
அப்படியும் அடிவயிறு உரசியது.
உயரத்தைக் குறித்துக்கொள்ளவே இல்லையே
என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.